மஞ்சள் ஹெட்போனில் மட்டும் கேட்பது

இதைத் திறந்தது யாராக இருந்தாலும் சரி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவின் அண்ணன் உலகநாதன் மாமாவிடம் காட்டாதீர்கள். ஸ்டெல்லா டீச்சரிடம் காட்டாதீர்கள். முக்கியமாக, இந்தக் குடியிருப்பில் நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் இதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். ஏன் என்று படித்தால் புரியும். எல்லாம் முடிந்து பல வருடம் கழித்து, பூமியிலிருந்து வந்த யாராவது இதை எடுத்திருந்தால், நீங்கள் மட்டும் சத்தம் போட்டுப் படிக்கலாம்.

என் பெயர் புஷ்பகனி. ஒன்பதாம் வகுப்பு. நிலவின் தென்முனையில் பனிக்கட்டி வெட்டும் சுரங்கத்துக் குடியிருப்பு எங்களுடையது. நூற்று நாற்பது பேர் இருக்கிறோம், பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். முதல் இரண்டு பதிவுகளும் பள்ளிக்கூடத்துக்காக எழுதியவை. அவற்றை அழிக்கவில்லை. மற்றவை போர்வைக்குள் எழுதுகிறவை.

பதிவு 1
ஆவணி 19, மாலை 5:10

செய்முறை: குறைந்த விலை ஹெட்போன்களின் ஒலித்தரத்தை வெவ்வேறு இசையை வைத்துச் சோதித்தல்.

காரணம்: இங்கே காற்றாடிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஹெட்போன் இல்லாமல் யாரும் பாட்டுக் கேட்க முடியாது. கம்பெனி கொடுக்கும் நல்ல ஹெட்போன் வேலையாட்களுக்கு மட்டும். வீட்டில் இருப்பவர்கள் கான்டீன் ஸ்டோரில் விற்கும் மலிவு ஹெட்போன்தான் வாங்க வேண்டும். எதை வாங்கலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பெட்டியில் பெயர் இல்லாததால் நிறத்தை வைத்துக் குறிக்கிறேன்.

கறுப்பு: அடித்தொனி மிக அதிகம். வீணை கிணற்றுக்குள் வாசிப்பது போல இருக்கிறது. பறை நன்றாக இருக்கிறது.

நீலம்: கீச்சுக்குரல். பாடகி 'ச' சொல்லும் போதெல்லாம் காதில் ஊசி குத்துகிறது. புல்லாங்குழலுக்குப் பரவாயில்லை.

மஞ்சள்: பழுது. சினிமாப் பாட்டில் பாடுகிறவரையே காணவில்லை! பின்னால் வயலின்களும் கோரஸும் மட்டும் தெளிவாகக் கேட்கின்றன. பிரித்துப் பார்த்தேன். இரண்டு காதுக்கும் பொதுவான கம்பி ஒட்டாமல் விட்டுப்போயிருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிற ஒலி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் வருகிற ஒலி மிஞ்சுகிறது. பாடகர் குரல் இரண்டு பக்கமும் சமமாக வருவதால் அது போய்விடுகிறது.

மஞ்சளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். டீச்சருக்கு இது பிடிக்கும்.

குறிப்பு: அப்பா போய்ப் பத்து நாள் ஆகிறது. எதையாவது செய்துகொண்டே இரு என்று டீச்சர் சொன்னதால் இதைச் செய்கிறேன்.

பதிவு 2
ஆவணி 20, மாலை 6:40

இன்று தாள இசை. ஒயில் கும்மி, பறை, தவில்.

தவிலுக்கு வேறு பதிவு கிடைக்காததால் ஆவணி 9 அன்று வடிவு மதினி கல்யாணத்தில் நானே எடுத்ததைப் போட்டேன். வடிவு மதினி மாமாவின் மகள். நாதஸ்வரம் ரிக்கார்டு, தவில் மட்டும் கொம்பையா அண்ணாச்சி நேரில் வாசித்தது. அன்று கூடத்தில் உட்கார இடம் இல்லை. டேப்லெட்டை வடபுறச் சுவரை ஒட்டிப் போகும் பழைய காற்றுக்குழாயின் மேல் சாய்த்து வைத்தேன். அதன் இடது மைக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கறுப்பு: கெட்டி மேளம் நெஞ்சில் அடிக்கிறது. சிறப்பு.

நீலம்: தவில் தகர டப்பா.

மஞ்சள்: தவில் இல்லை. நாதஸ்வரம் இல்லை. ஆட்களின் பேச்சு கொஞ்சம். அப்புறம் இடது பக்கம் வேறு ஒரு ஒலி இருக்கிறது. தாளத்தோடு சேரவில்லை. காற்றாடியாக இருக்கலாம்.

நாளை சரிபார்க்கணும்.

பதிவு 3
ஆவணி 20, இரவு

காற்றாடி இல்லை.

யாரோ குழாயைத் தட்டுகிறார்கள். மூன்று தட்டு, ஓய்வு. மூன்று தட்டு, ஓய்வு. எங்களுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித்தருவது அது. உள்ளே ஆள் இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில்தான் நான்காம் சுரங்கம் இடிந்தது. உள்ளே ஐந்து பேர். அதில் என் அப்பா சுடலைமணி ஒருவர். உண்மையில் அது மாப்பிள்ளையின் ஷிப்ட். "கல்யாண மாப்ளைய யாராவது சுரங்கத்துக்கு அனுப்புவாவளா? ஏல, போய்ப் பவுடர் பூசு" என்று சிரித்துக்கொண்டே அப்பா மாற்றிக்கொண்டார். சுரங்கத்தில் காற்று இரண்டே நிமிடத்தில் போய்விட்டது, யாரும் கஷ்டப்படவில்லை என்று ஆபீசில் சொன்னார்கள். கூடத்திலிருந்து சுரங்கத்துக்குப் போகும் கதவின் ஓரத்தை உருக்கி ஒட்டினார்கள். நாங்களும் நம்பி அழுதோம்.

அந்தப் பழைய காற்றுக்குழாய் நான்காம் சுரங்கத்திலிருந்துதான் வருகிறது.

சுரங்கத்துக்குள் ஓர் ஒதுக்கறை உண்டு. ஐந்து பேருக்குப் பதினெட்டு நாள் காற்று. பள்ளிக்கூடச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. அப்படியானால் ஆவணி 27 வரை.

மறுபடி கேட்டேன். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் மாமாவின் கைக்கருவி ஒருமுறை கூவுகிறது. மாமாதான் சுரங்க மேஸ்திரி, விபத்து என்றால் முதலில் அவருக்குத்தான் செய்தி வரும். அடுத்த நொடி அவர் குரல்: "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

பிறகு தட்டும் சத்தம். இடையில் குழாய் வழியாக மெலிதாக ஒரு கூப்பாடு. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம், அட்சதை போடுகிறோம். என் சிரிப்பும் கேட்கிறது.

தும்மலோ அழுகையோ கேட்டால் அபசகுனம் என்றுதான் கெட்டி மேளம் கொட்டுவார்கள். மாமா எதையோ அபசகுனம் என்று நினைத்து விரலை ஆட்டியிருப்பார். தெரியாமல் செய்திருப்பார். இதைக் கேட்டால் துடித்துப்போவார். நாளைக்கே கதவைத் திறந்துவிடுவார்கள்.

அப்பா உயிரோடு இருக்கிறார்.

பதிவு 4
ஆவணி 21, இரவு

முதலில் டீச்சரிடம் கொடுத்தேன். மஞ்சளை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கழற்றும் போது அவர் தோடு கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"மோட்டார் சத்தம் கனி."

"மூணு மூணா தட்டுது டீச்சர்."

"மோட்டார்னு சொல்றேன்ல. உனக்கு முழு மார்க் போட்டுடறேன். இதை இனிமே கிளாசுக்குக் கொண்டு வராதே. யார்கிட்டயும் போட்டும் காட்டாதே."

முழு மார்க் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்து கொம்பையா அண்ணாச்சி. கான்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். விரல்களில் இன்னும் பிளாஸ்திரி.

"என்ன அண்ணாச்சி, கை ஆறலியா?"

"எப்படி ஆறும்? ஒங்க மாமன் அன்னிக்கு என்னைப் பிழிஞ்சு எடுத்திட்டாம்லா. தாலி கட்டியாச்சு, மெட்டி போட்டாச்சு, மாப்ள சாப்பிடவே உக்காந்தாச்சு. இவன் வெரல எறக்கவே மாட்டேங்கான்."

"நீங்க நிப்பாட்டியிருக்கலாமே?"

"நல்லா கேட்ட போ. பெண்ணைப் பெத்தவன் வெரல் ஆடுத வரைக்கும் அடிக்கணும்ட்டி. அதான் முறை. நடுவுல நிறுத்துனா நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? இங்க வேற தவில்காரன் இல்லங்கது வேற விசயம்."

சிரித்தார். நான் மஞ்சளை நீட்டினேன். தன் வாசிப்பைக் கேட்கப்போகிற ஆசையில் ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"எங்கட்டி தவில்? ஒண்ணையும் காணோமே..."

பிளாஸ்திரி போட்ட விரல் மேசையில் தானாகத் தட்டியது. மூன்று. ஓய்வு. மூன்று. அதைப் பார்த்துவிட்டு, சூடு பட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார்.

ஹெட்போனில் அப்போது என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும், நேற்று பலமுறை கேட்டுவிட்டேன். அவருடைய குரலேதான்: "தாலி கட்டியாச்சே அண்ணாச்சி, இன்னும் அடிக்கணுமா?" மாமா குரல், வாயை அவர் காதருகே வைத்து: "அடில. விடாம அடி. நான் சொல்லுத வரைக்கும் நிப்பாட்டுன, தொலைச்சிருவேன்."

நேற்று இதை எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

கொம்பையா அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார். "எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. நான் எதையும் கேக்கல. நீயும் என்கிட்ட வரல" என்றார். ஏற்கெனவே கழுவிய தட்டுகளை மறுபடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

பதிவு 5
ஆவணி 22, இரவு

அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மா முழுவதையும் கேட்டாள். அழவில்லை. மஞ்சளின் கம்பியைச் சுருட்டி, முடிச்சு விழாமல் வைத்தாள். "இப்பத்தான்ட்டி அழுது முடிச்சேன்" என்றாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். என்னை அறைக்குள் போகச் சொன்னாள். எங்கள் வீட்டில் அறை என்பது நடுவில் ஒரு தகடு. மூச்சு விட்டாலே அந்தப் பக்கம் கேட்கும்.

கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா: "அண்ணே, ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

மாமா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம். பிறகு: "கருவி கூவுன ஒடனே பாத்தேன். அஞ்சு பேரும் ஒதுக்கறைக்குள்ள போயிட்டானுவ. அடுத்து குழாயில தட்டுவானுவன்னு தெரியும், தட்டுனானுவ."

"அப்பொறமும் கதவ ஒட்டிட்ட."

"ஏ ஜெயக்கொடி, கேளு. வெளிவாசல் மண்ணோட எறங்கிட்டு. காத்து போகாம தடுக்குத நடுவறை நொறுங்கிட்டு. மிச்சம் இருக்கது கூடத்துப் பக்கக் கதவு ஒண்ணுதான். அதத் தொறந்தா இந்தப் பக்கத்துக் காத்து பூராவும் போயிரும். தொட்டியில இருக்கதை மட்டும் வச்சுக்கிட்டு கப்பல் வார வரைக்கும் நூத்தி நாப்பது உசுரு தாங்காது. நாலஞ்சு தடவை கணக்குப் போட்டாச்சு."

"குழாய் வழியா காத்து அனுப்ப முடியாதா? தண்ணியாவது?"

"நடுவுல நசுங்கிக் கெடக்கு. சத்தம் மட்டுந்தான் வரும்."

"அதுக்கு எதுக்கு மேளம்?"

"கூடத்துல அத்தனை பேரும் நிக்கான். அஞ்சு பேரோட அண்ணன் தம்பி, பொண்டாட்டி பிள்ளைய எல்லாம் நிக்கு. தட்டுதது கேட்டா எவனாவது கணக்குப் பாப்பானா? ஓடிப்போய்க் கதவ ஒடச்சிருக்க மாட்டான்? நீ ஒடச்சிருக்க மாட்ட?"

"ஒடச்சிருப்பேன்."

"அதுக்குத்தான்."

தகட்டில் ஏதோ மோதியது. மாமாவின் தலை என்று நினைக்கிறேன். அவர் அழுகிற சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. "வெரல எறக்க முடியல ஜெயக்கொடி. எறக்குனா அவன் தட்டுதது கேக்கும்லா. எனக்கும் கேக்கும்லா."

நான் நினைத்தேன், இப்போது அம்மா அவரை அடிப்பாள், வெளியே ஓடுவாள், கூடத்தில் நின்று கத்துவாள். நானும் சேர்ந்து கத்தத் தயாராக எழுந்து நின்றுகொண்டேன்.

அம்மா சொன்னது இதுதான்: "கனிக்குக் காத்து வேணும்."

பிறகு: "காரியத்தைப் பதினாறாம் நாள் வரைக்கும் இழுக்க வேண்டாம். நாளைக்கே வச்சிரு."

ஆவணி 23, மாலை

கூடத்து ஒலிபெருக்கியில் வந்த அறிவிப்பு: "நான்காம் சுரங்கத்தில் மறைந்த ஐவருக்கும் இன்று காலை காரியம் நடைபெற்றது. அனைவருக்கும் நன்றி. பராமரிப்பை முன்னிட்டு, வடபுறப் பழைய காற்றுக்குழாய் நாளை காலை அறுத்து அடைக்கப்படும். அதுவரை குடியிருப்போர் குழாயின் அருகில் செல்ல வேண்டாம்."

காலையில் அம்மா தாலியைக் கழற்றினாள். சாப்பாட்டில் ஐந்து படங்களுக்கும் ஐந்து இலை போட்டார்கள். வடிவு மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடம் முழுக்க ஒப்பாரி ரிக்கார்டு, சத்தம் கூடுதலாக வைத்திருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, இப்போது எழுந்து சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே நாலு வயதுப் பையன் ஒருவன் அப்பளத்தை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்த பிறகு எழ முடியவில்லை.

மாமா சொன்ன கணக்கை நானும் போட்டேன். மூன்று விதமாகப் போட்டேன். கணக்கு சரி. அதுதான் தாங்க முடியவில்லை. அது தப்பாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் முதலில் அப்படிக் கெஞ்சினேன். யாரிடமும் காட்டாதீர்கள்.

இரவு

குழாய் கூடத்தோடு முடியவில்லை. எங்கள் வரிசை வீடுகளின் பின்சுவர் வழியாகவும் போகிறது. என் கட்டிலுக்குப் பின்னால் ஒரு சாண் தூரம் தெரிகிறது. துணி தொங்கப் போடுவோம்.

ஹெட்போனை மைக் துளையில் சொருகினால் அதுவே மைக் ஆகிவிடும். நீலத்தை அப்படிச் சொருகி, ஒரு காதின் பஞ்சைப் பிய்த்துவிட்டுக் குழாயின் மேல் வைத்துக் கட்டினேன், மற்றக் காதை வெறுமனே தொங்கவிட்டேன். மஞ்சளைக் காதில் மாட்டினேன். காற்றாடி இரைச்சல் இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதால் அது போய்விட்டது. குழாய் மட்டும் மிஞ்சியது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படி இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

பிறகு வந்தது. மூன்று. மெதுவாக. கல்யாணத்தன்று கேட்ட வேகம் இல்லை.

ஒரே ஆள்தான் தட்டுகிறார்.

சீப்பை எடுத்துத் திருப்பித் தட்டினேன். மூன்று. அந்தப் பக்கம் சட்டென்று நின்றுபோனது. பிறகு தாறுமாறாக, கணக்கே இல்லாமல், இரண்டு கையாலும் தட்டுவது போல. உள்ளிருந்து குரல் வருகிறது, வார்த்தை புரியவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்றும் தெரியவில்லை. அப்பாவா, மற்ற நால்வரில் ஒருவரா என்றும் தெரியவில்லை. எப்படிக் கேட்பது? தட்டிப் பெயர் கேட்க எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஆள் வருகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். நான் செய்ததற்கு அதுதானே அர்த்தம்.

யாரும் வரவில்லை என்று சொல்லவும் ஒரு தட்டு இல்லை.

மறுபடியும்

ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் எழுதுகிறேன். நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அவர் தட்டுவது வேகமாகிறது. நான் தட்டினால் நிதானமாகிறார். நான் இரண்டு தட்டினால் இரண்டு. நாலு தட்டினால் நாலு. சின்னக் குழந்தையோடு விளையாடுவது போல இருக்கிறது.

காலையில் குழாயை அறுத்துவிடுவார்கள். அதன் பிறகும் அவருக்கு நாலு நாள் காற்று இருக்கிறது. ஒரே ஆள் என்றால் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அந்த நாட்களில் அவர் தட்டிக்கொண்டே இருப்பார், நான் ஏன் நிறுத்திவிட்டேன் என்று யோசிப்பார்.

கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். குழாயில் கன்னத்தை வைத்தால் ஹெட்போனே வேண்டாம். அவ்வளவு குளிர். பக்கத்து வீட்டில் விளக்குப் போடுகிற சத்தம் கேட்டது. இந்தக் குழாய் வரிசை முழுக்கப் போகிறது, நான் தட்டுவது எல்லோருக்கும் கேட்குமே என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பாடிப் பார்த்தேன். குழாயில் வாயை வைத்து மெதுவாக, கும்மிப் பாட்டு. அந்தப் பக்கம் தட்டுவது நின்றது. கேட்கிறார். பாட்டு முடிந்ததும் மூன்று தட்டு. இன்னொன்று பாடு என்கிறார் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

வெளியே நடை சத்தம். எங்கள் வாசலில் நிற்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்து போகிறாள். மாமா குரல்: "சத்தம் இங்கருந்துதான் வருது. எல்லா வீட்லயும் எந்திரிச்சிட்டாவ." அம்மா ஏதோ சொல்கிறாள். இப்போது என் தகட்டுக் கதவைத் தட்டுவது அம்மா.

"கனி. கதவத் தொற. போதும்ட்டி. நிப்பாட்டு."

தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். தகடு வளைகிறது. அந்தப் பக்கம் அவர் மூன்று தட்டிவிட்டுக் காத்திருக்கிறார், நான் பதில் தட்டவில்லை என்றால் அவர் நான் போய்விட்டேன் என்று நி